பூட்டிய ஓவன் கதவை இழுக்காதீர்கள், உள்ளே தள்ளுங்கள்

கேள்வி: அண்ணா, நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். பாரிஸில் இருக்கும் என் தமையன் மூன்று வருசத்துக்கு முதல் தான் பாவித்த ஓவனைப் பெட்டியில் போட்டு அனுப்பினார். தன்னைத் தானே சுத்தம் செய்யும் ஓவன். அதை வைத்துத்தான் வீட்டில் கேக் அடித்துக் கொடுக்கிறேன். போன கிழமை இரவு எட்டரைக்கு அந்தச் சுத்தம் செய்யும் புரோகிராமைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் இடி முழக்கத்தோடு கரண்ட் போய்விட்டது, விடியத்தான் வந்தது. அன்றிலிருந்து கதவு திறக்கவில்லை. ஓவன் நன்றாக ஆறிவிட்டது. முகப்பில் 0:00 என்று மின்னுகிறது, பக்கத்தில் பூட்டுப் படம். பிளக்கைக் கழற்றிப் போட்டால் 'கிர்' என்று இரண்டு மூன்று செக்கன் சத்தம் வந்து நிற்கிறது. ஒரு தடவை எஃப் எழுத்தும் ஒரு எண்ணும் வந்தது. பிளக்கின் ஒரு கால் பழுப்பாக இருக்கிறது. இவர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பப் பார்த்தார், நான் விடவில்லை. பார்க்க வந்த ஒருவர் போர்ட் போய்விட்டது, புதிது போடவேண்டும் என்கிறார். உள்ளே என் நொன்ஸ்டிக் தட்டு ஒன்றை மறந்து விட்டுவிட்டேன். அடுத்த கிழமை இரண்டு பிறந்தநாள் கேக் ஓடர் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரைத் தடுத்தீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை. அந்தக் கதவில் இருப்பது ஒரு கண்ணாடி இல்லை. இந்த வகை ஓவன்களில் மூன்று, நான்கு கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் காற்று விட்டு வைத்திருப்பார்கள். எல்லாம் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய கண்ணாடி. நடுவில் கை பலமாகப் பட்டாலும் தாங்கும். ஓரத்தில் ஒரு இரும்பு முனை பட்டால் முழுவதும் கற்கண்டு மாதிரிக் கொட்டிவிடும். தொழில் பழகிய புதிதில் மாங்குளத்தில் ஒரு வீட்டில் நான் அதைச் செய்திருக்கிறேன். அந்த அம்மா ஒரு சொல் பேசவில்லை, தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். கண்ணாடிக்கு நான்தான் காசு கட்டினேன். அது வந்து சேர இரண்டு மாதம் சென்றது. அன்றைக்குப் பிறகு பூட்டிய ஓவன் கதவில் நான் எதையும் செருகியதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அந்த 'கிர்' சத்தம். போர்ட் போய்விட்டது என்று சொன்னவர் அந்தச் சத்தத்தை நின்று கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கரண்ட் வந்தவுடன் கதவுப் பூட்டின் சின்ன மோட்டர் சுற்றுகிறது. அதைச் சுற்றச் சொல்வது யார்? ஓவனின் மூளை மாதிரி உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை, அந்தப் போர்ட்தான். செத்துப்போன போர்ட் மோட்டருக்குக் கட்டளை கொடுக்காது. ஆகவே போர்ட்டுக்குக் காசு கொடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

இந்த ஓவன் ஏன் கதவைப் பூட்டுகிறது என்பது விளங்கினால் மிச்சம் எல்லாம் இலகு. கேக்கை நீங்கள் 170, 180 பாகையில் அவிய விடுவீர்கள். சுத்தம் செய்யும்போது உள்ளே 500 பாகை செல்சியஸை ஒட்டிப் போகும். பட்டர், சீனிப்பாகு, இறைச்சிக் கொழுப்பு எல்லாம் அந்தச் சூட்டில் கரியாகிச் சாம்பலாகி விழும், பிறகு ஈரத்துணியால் துடைத்தால் சரி. அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால் கை வெந்துபோவது ஒரு பக்கம். உள்ளே நிற்கும் கொழுப்புப் புகைக்குத் திடீரென்று காற்று கிடைத்துத் தீ மூளும் என்பது மற்றப் பக்கம். அதனால்தான் மோட்டர் ஒரு கொழுக்கியைத் திருப்பிக் கதவைப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலான ஓவன்களில் சூடு 300 பாகையை ஒட்டி இறங்கும்வரை அது விடாது. கம்பனிக்குக் கம்பனி இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும்.

கதவை விடுவதற்கு முன் போர்ட் மூன்று விசயத்தைப் பார்க்கும்: இப்போது மணி என்ன, உள்ளே சூடு எவ்வளவு, கொழுக்கி எந்த இடத்தில் நிற்கிறது. இதில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அது கதவைப் பூட்டியபடியே வைத்திருக்கும்.

மணியில் இருந்து தொடங்குங்கள். 0:00 மின்னுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பிய ஓவன்கள் பலவற்றில் கரண்ட் போய் வந்த பிறகு நேரத்தைச் சரிசெய்து உறுதிப்படுத்தாவிட்டால் வேறு எந்த வேலையும் நடக்காது. கூட்டும் குறியையும் கழிக்கும் குறியையும் அமத்தி நேரத்தை வையுங்கள், பிறகு எண்கள் மின்னுவது நிற்கும்வரை பொறுங்கள். அதோடு அந்தப் பூட்டுப் படத்தையும் வடிவாகப் பாருங்கள். பிள்ளைகள் பட்டனைத் தட்டாமல் இருக்கப் போடும் பூட்டுக்குச் சிலதில் திறப்புப் படம், சிலதில் பூட்டுப் படம். அது கதவுப் பூட்டு இல்லை. ஒரு பட்டனை மூன்று நான்கு செக்கன் அமத்திப் பிடித்தால் போய்விடும். என்னைக் கிளிநொச்சியிலிருந்து மல்லாவி வரைக்கும் கூப்பிட்டு, போய்ப் பார்த்தால் இந்தப் பிள்ளைப் பூட்டாக இருந்த வீடுகளும் உண்டு.

நேரத்தை வைத்த பிறகும் திறக்கவில்லையா? இனித்தான் முக்கியமான வேலை. உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், அவருக்குத்தான் இது. சுவரில் இருக்கும் பிரேக்கரை இறக்கிப் பதினைந்து நிமிசம் விடுங்கள். பிறகு அவர் கதவின் மேல் விளிம்பில், கைபிடிக்குச் சற்று மேலே, இரண்டு உள்ளங்கையையும் வைத்து உள்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் பிரேக்கரை ஏற்றுங்கள். 'கிர்' சத்தம் வரும்போது அவர் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஏன் தள்ளச் சொல்கிறேன் என்றால், கதவைச் சுற்றி இருக்கும் நார் வளையம் கதவை எப்போதும் வெளிப்பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் முழுவதும் கொழுக்கியின் மூக்கில்தான் விழும். நாங்கள் இழுக்க இழுக்கக் கொழுக்கி இன்னும் இறுகும். மோட்டரோ தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சாமான், அதனால் அவ்வளவு பலத்தோடு மல்லுக்கட்ட ஏலாது. கதவை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளினால் கொழுக்கி இளகும், மோட்டர் சுற்றி முடிக்கும். ஒரு கிழமையாக எல்லாரும் இழுத்துப் பார்த்திருப்பீர்கள். நானும் என் வீட்டில் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு தடவையில் சரிவராவிட்டால் மூன்று நான்கு தடவை செய்யுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. சுத்தம் செய்யும் புரோகிராமையே திரும்பப் போட்டு, அரை நிமிசத்தில் நிறுத்திவிடுங்கள். ஓவன் சூடாவதற்கு நேரம் இருக்காது, ஆனால் பூட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தன் பழைய இடத்துக்கு வரப் பார்க்கும். இதற்கும் கதவைத் தள்ளிப் பிடிக்கவேண்டும். தட்டு உள்ளே இருக்கிறபடியால் அரை நிமிசத்துக்கு மேல் விடவேண்டாம்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், இந்த இரண்டில் ஒன்றில் கதவு திறக்கும் என்றுதான் நம்புகிறேன்.

திறக்காவிட்டால் ஓவனை வெளியே எடுக்கவேண்டும். இதை மல்டிமீற்றர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் செய்யவேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்கவேண்டும், சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. ஓவனை இருவர் சேர்ந்து இழுங்கள், நல்ல பாரம். பக்கச் சட்டத்தில் அடிக்கும் திருகாணிகள் கதவைத் திறந்தால்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அதை அடிப்பதில்லை, உங்களுடையதும் அப்படி என்றால் இந்தத் தடவை அது உங்களுக்கு வசதி. திரும்ப வைக்கும்போது மட்டும் அடித்துவிடுங்கள். பாரமான கதவைத் திறக்கும்போது ஓவன் முன்னால் சரிந்து வரும்.

மேல் தகரத்தைக் கழற்றினால் முன் விளிம்பில் பூட்டு இருக்கும். உள்ளங்கை அளவு தகரம், அதில் ஒரு வட்ட மோட்டர், மோட்டர் சுற்றும் ஒரு சின்னச் சில்லு, சில்லு தள்ளும் கம்பி, கம்பியின் முனையில் கொழுக்கி. சில்லின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ மைக்ரோ சுவிச். மோட்டரின் இரண்டு திருகாணியையும் கழற்றித் தூக்கினால் கொழுக்கியை விரலால் பின்னுக்குத் தள்ளலாம். கதவு திறந்துவிடும், உங்கள் தட்டும் வந்துவிடும்.

திறந்தவுடன் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கேக் அடிக்கப் போகாதீர்கள். அந்த மைக்ரோ சுவிச்தான் போர்ட்டுக்குக் கொழுக்கி எங்கே நிற்கிறது என்று சொல்வது. அதன் சின்னப் பொத்தானை நகத்தால் அமத்தினால் 'டிக்' என்று துலக்கமாகக் கேட்கவேண்டும். மீற்றரை ஓம் அளவில், அதாவது மின்தடையை அளக்கும் இடத்தில், வைத்து அமத்தும்போது ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டவேண்டும், விட்டால் தொடர்பு அறவேண்டும். சில சுவிச்சில் இது தலைகீழாக இருக்கும், எப்படியானாலும் அமத்தும்போதும் விடும்போதும் மாற்றம் தெரிந்தாகவேண்டும். மீற்றரில் எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் உள்ளே தகடு கறுத்துவிட்டது. ஒட்டுசுட்டானில் ஒரு ஓவன் இதே மாதிரி இரண்டு செக்கன் சத்தம் போட்டு நின்றது. சுவிச்சைக் கழற்றி வெள்ளைக் கடதாசியில் தட்டினேன். உமி மாதிரிச் சின்ன எறும்புகள் பத்துப் பதினைந்து, காய்ந்துபோய் விழுந்தன. கடைசியாக ஒரு முட்டைக் கூடு. பொத்தானுக்கு அடியில் அவை குடியிருந்தபடியால் பொத்தான் முழுதாக இறங்கவில்லை, போர்ட் கொழுக்கி இன்னும் பூட்டில்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது. சுவிச் சின்னச் சாமான், விலையும் அப்படித்தான். அதே அளவு, அதே ஆம்பியர், சூடு தாங்கும் வகை என்று கேட்டு வாங்கவேண்டும். வாட்டர் பம்ப் சுவிச்சில் இருப்பதைக் கழற்றிப் போடாதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும்.

மோட்டரை அளந்தால் ஆயிரக்கணக்கான ஓம் காட்டவேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. உங்களுடையது சத்தம் போடுகிறபடியால் அறுந்திருக்காது, பல்லுத் தேய்ந்திருக்கலாம். சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் தெரியும்.

பிறகு சூடு. ஓவனின் பின் சுவரிலோ மேல் மூலையிலோ பென்சில் மொத்தத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சென்சர். ஐரோப்பிய ஓவன்களில் அநேகமாக பிளாட்டினம் சென்சர்தான். அதன் கணக்கு நேரானது: ஒரு வகை 0 பாகையில் 1000 ஓம், மற்ற வகை 500 ஓம். எங்கள் ஊரின் 30 பாகைக்கு முதலாவது வகை 1116 ஓமை ஒட்டியும், இரண்டாவது 558ஐ ஒட்டியும் காட்டவேண்டும். சூடு ஏற ஏற ஓம் கூடும். 300 பாகையில் முதல் வகை 2120ஐத் தொடும். இப்போது யோசித்துப் பாருங்கள். சென்சர் அறுந்தால் மீற்றரில் முடிவில்லாத ஓம் வரும். ஓவன் குளிர்ந்து கல்லாக இருந்தாலும் போர்ட்டுக்கு அது பயங்கரச் சூடாகத்தான் தெரியும், கதவை விடாது. அந்த எஃப் கோட் இதற்கும் வரலாம், கொழுக்கிக்கும் வரலாம். ஒரு கம்பனியில் கதவைக் குறிக்கும் எண் இன்னொரு கம்பனியில் சென்சரைக் குறிக்கும். ஆகவே இணையத்தில் பார்த்த எண்ணை நம்பிச் சாமான் வாங்காமல், உங்கள் ஓவனின் கையேட்டில் இருப்பதை மட்டும் நம்புங்கள். தமையனிடம் சொன்னால் படம் எடுத்து அனுப்புவார்.

சரி, இது ஏன் நடந்தது என்பதற்கு வருவோம். கரண்ட் போகும்போது உங்கள் ஓவன் கிட்டத்தட்ட உச்சச் சூட்டில் நின்றிருக்கும். ஓவனின் தலைக்கு மேலே ஒரு விசிறி இருக்கிறது, பூட்டையும் போர்ட்டையும் குளிராக வைப்பது அதன் வேலை. கரண்ட் போனவுடன் அதுவும் நின்றுவிட்டது. உள்ளே இருந்த சூடு முழுவதும் மேலே ஏறிப் பூட்டில்தான் இறங்கியிருக்கும், இரவு முழுக்க. கொழுக்கியில் இருந்த எண்ணெய்ப் பசை கரியாகி ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஓவனைச் சீமெந்து மேசைக்கு அடியில் காற்றுப் போக வழியில்லாமல் அடைத்து வைத்திருந்தால் இன்னும் மோசம். பின்னால் கொஞ்சமாவது திறந்த வெளி இருக்கவேண்டும், அளவு கையேட்டில் இருக்கும்.

எங்கள் வன்னியில் கரண்டை நம்பி ஒரு வேலையைத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. 2022இல் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதும் மறக்கவில்லை. இப்போது எவ்வளவோ நல்லது. ஆனாலும் சித்திரையில் பின்னேர இடியும், ஐப்பசி கார்த்திகையில் மாரிக் காற்றும் வரும்போது லைன் போவது போகத்தான் செய்யும். நீங்கள் போட்டது இரவு எட்டரை. மாலை 6:30 முதல் 10:30 வரை நாடு முழுக்க எல்லாரும் கரண்ட் எடுக்கும் நேரம். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு 230 வோல்ட் வராது. 200 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். 3400 வாட் ஓவன் 2600 வாட் கூடக் கொடுக்காது. சூடு ஏற இழுபடும், சில ஓவன்கள் குறித்த நேரத்தில் சூடு ஏறவில்லை என்று தாமே கோட் போட்டு நின்றுவிடும். இனிமேல் காலையில், வானம் வெளித்த நாளில் போடுங்கள். திருத்த வேலைக்கு லைனை நிறுத்தும் நாளையும் உங்கள் பக்கத்து மின்சாரக் கந்தோரில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழுப்பான பிளக்கைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன், தங்கச்சி. கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். உங்கள் ஓவனும் 3400 வாட் என்று வைத்தால், அதை 230 வோல்ட்டால் பிரிக்க 14.8 ஆம்பியர் வரும். நீங்கள் செருகியிருப்பது சதுரக் கால் பிளக் என்றால் அது 13 ஆம்பியருக்கு உரியது. இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து அந்தப் பாரத்தை இழுத்தால் அதன் கால் வேகாமல் என்ன செய்யும். அதை விட, பிரான்ஸிலிருந்து வந்த இரண்டு கால் பிளக்கை அடப்டரில் செருகியிருந்தால் எர்த் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். எலிமென்ட்டில், அதாவது சூடாக்கும் கம்பியில், கரண்ட் கசிந்தால் அது ஓவனின் உடம்பில் நிற்கும். ஈரக் கையோடு கைபிடியைத் தொடுவது நீங்கள்தான், உங்கள் பிள்ளைகள்தான். வீட்டின் மெயின் சுவிச் பெட்டியிலிருந்து தனி வயர், ஓவன் லேபலில் உள்ள வாட்டுக்கு ஏற்ற பருமனில், தனி பிரேக்கரோடு இழுத்து, பிளக் இல்லாமல் நேரடியாகப் பூட்டச் சொல்லுங்கள். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், வாயால் சொல்வதை ஏற்கவேண்டாம். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிச் இல்லாத வீடு என்றால் முதலில் அதைப் போடுங்கள். கேக் விற்ற காசில் இதற்குச் செலவழிப்பதை ஒரு நாளும் வீண் என்று நினைக்காதீர்கள்.

அந்த நொன்ஸ்டிக் தட்டைப் பற்றி. 500 பாகையை நெருங்கிய சூட்டில் அதன் பூச்சு சிதைந்திருக்கும். அதில் இனிச் சாப்பாட்டுச் சாமான் செய்யவேண்டாம், மனம் வராவிட்டாலும் எறியுங்கள். அந்தப் பூச்சின் புகை மனிதருக்கே நல்லதில்லை, பறவைகளைக் கொன்றேவிடும். குசினிக்குள் கிளிக்கூடு தொங்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. சுத்தம் செய்யப் போடும்போது கூட்டை முற்றத்து மரத்துக்குக் கொண்டுபோங்கள், ஜன்னல்களைத் திறந்து விடுங்கள், தட்டு, கம்பி வலை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

உண்மையில் கேக் அடிக்கும் ஓவனுக்கு அந்தப் பெரிய சூடு அடிக்கடி தேவையே இல்லை. கேக் மாவு சிந்தினால் ஓவன் ஆறிய பிறகு அப்பச்சோடாவைத் தண்ணீரில் பசையாகக் குழைத்து, எலிமென்ட்டிலும் கதவைச் சுற்றிய நார் வளையத்திலும் படாமல் பூசி, இரவு விட்டுக் காலையில் ஈரத்துணியால் துடையுங்கள். பொச்சு, இரும்புத் தும்பு எதையும் போட்டுத் தேய்க்கக்கூடாது. இறைச்சி வாட்டி நன்றாகக் கொழுப்புப் படிந்தால் மட்டும் அந்தப் புரோகிராம், வருசத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

பிறந்தநாள் ஓடர்களை விட்டுவிடாதீர்கள். கதவு திறந்து, சென்சரும் சுவிச்சும் சரியாக அளந்து, வயரும் மாற்றியாகிவிட்டால் ஓவனைத் தாராளமாகப் பாவிக்கலாம், முதலில் 180 பாகையில் வெறுமையாக ஒரு மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள். அதற்குள் முடியாவிட்டால் பக்கத்து வெதுப்பகத்தில் பாண் இறக்கிய பிறகு போறணை ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தைக் கேளுங்கள். பட்டர் கேக்குக்கு அந்த இறங்கு சூடு நன்றாகவே பொருந்தும், ஆனால் முதலில் ஒரு சின்னக் கேக்கை வைத்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் எடுக்கவேண்டி வந்தால் ஓவனின் முழு மொடல் எண் வேண்டும். அது கதவுக்கு உட்பக்கச் சட்டத்தில்தான் ஒட்டியிருக்கும், கதவு திறந்தவுடன் முதல் வேலையாகப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தோடு, மீற்றரில் சென்சர் காட்டிய ஓமையும் எழுதி அனுப்புங்கள். பூட்டு முழுவதாக மாற்றவேண்டுமா, சுவிச் மட்டும் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.